கண்ணோட்டமும் கண்ணாடியும்

மெதுவாக வண்டி ஓட்டுபவனை நம்மவர் குறை சொல்வதில்லை. விரைந்து போகிறவனுக்கு வசை; மெல்லப் போகிறவனுக்கு வாழ்த்து. ஔவையார் கொன்றை வேந்தனில் மெல்லச் செல்பவனின் பக்கமே நிற்கிறார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று ஊரும் சொல்லுகிறது. ஆகவே வேகம் குற்றம், மெதுநடை குணம் என்று பாகுபாடு செய்துவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். அந்த நிம்மதியைச் சற்றே கலைக்க விரும்புகிறேன். வீதியில் மெல்லச் செல்பவனுக்கும் கடமைகள் உண்டு. அவற்றுள் முதன்மையானதை, அயலூரிலிருந்து வந்து எமது வீதிகளில் வண்டி ஓட்டுவோரும், இங்கிருந்து அயல்நாடு சென்று ஓட்டுவோரும் பெரும்பாலும் அறியாமலே இருக்கிறார்கள்.

திருகோணமலையில் இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. வாடை ஓய்ந்து கடல் அடங்கும் மாதங்களில் உப்புவெளியும் நிலாவெளியும் பிறநாட்டாரால் நிறைந்துவிடுகின்றன. முன்னெல்லாம் அவர்கள் சாரதியோடு கூடிய வண்டியில் வருவார்கள். இப்பொழுது அவர்களுள் பலர் முச்சக்கர வண்டியையோ மோட்டார் சைக்கிளையோ வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டி வருகிறார்கள். ரொறன்ரோவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் ஒஸ்லோவிலிருந்தும் கோணேசரைத் தரிசிக்க வரும் எங்கள் பிள்ளைகளும் அவ்வாறே. கனடாவிலும் பிரான்சிலும் நோர்வேயிலும் வீதியின் வலப்பக்கம் ஓட்டிப் பழகிய கைகள் அவை, இங்கே இடப்பக்கம். கை தடுமாறுகிறது. தடுமாறும் கை வேகத்தைக் குறைக்கிறது. அது நியாயமே. தெரியாத வீதியில் மெல்லப் போவதுதான் அறிவுடைமை. சிக்கல் அதற்குப் பின்னரே தொடங்குகிறது.

அம்பேபுசவிலிருந்து குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலைக்கு வரும் ஏ-6 வீதியை எண்ணிப் பாருங்கள். பெரும்பகுதியும் போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று என்ற அளவிலேயே அமைந்த வீதி. அதிலே சீனன்குடாவிலிருந்து மாவும் சீமெந்தும் ஏற்றிய லொறிகள் போகின்றன. பனிக்கட்டி கரைவதற்குள் கொழும்பு சேரவேண்டிய மீன் லொறிகள் போகின்றன. பஸ்கள் போகின்றன. கண்டிக்கோ கொழும்புக்கோ நோயாளியைக் கொண்டுசெல்லும் வான்களும் போகின்றன. விரைபவர் யாவரும் திமிர் பிடித்தவர் அல்லர். சிலருக்கு நேரம் உண்மையாகவே உயிர். இவ்வளவு பேருக்கும் நடுவே சட்டம் என்ன செய்திருக்கிறது? ஊர் எல்லைக்கு வெளியே காருக்கு மணிக்கு 70 கிலோமீற்றர் வரை அனுமதி. முச்சக்கர வண்டிக்கு எங்கும் 40. ஒரே வீதியில் ஒருவரை 40 இலும் மற்றவரை 70 இலும் விட்டால், பின்னவர் முன்னவரை முந்தத்தான் வேண்டும். ஆகவே முந்திச் செல்லுதல் எமது வீதிகளில் ஒழுக்கக்கேடு அன்று. சட்டமே எதிர்பார்க்கும் நிகழ்ச்சி அது. அதை எப்படி விபத்தில்லாமல் நடத்துவது என்பதே கேள்வி.

கணித ஆசிரியர்கள் மாணவர்களுக்குக் கொடுக்கத்தக்க ஒரு கணக்கு இங்கே இருக்கிறது. 40 இல் செல்லும் வண்டி ஒன்றை 60 இல் செல்லும் கார் முந்துகிறது. வெளியே எடுப்பதற்கும் மீண்டும் உள்ளே வருவதற்கும் சேர்த்து, அந்த வண்டியைவிட 40 மீற்றர் கூடுதலாக அது கடக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஏழு வினாடிக்குச் சற்று மேல் ஆகும். அதற்குள் கார் 120 மீற்றர் ஓடிவிடும். எதிரே 70 இல் ஒரு வண்டி வந்தால் அது அதே நேரத்தில் 140 மீற்றர் வந்துவிடும். ஆக, 260 மீற்றர் வெறும் வீதி கண்ணெதிரே தெரிந்தால்தான் முந்தலாம். இது ஒரே வண்டியை முந்துவதற்கு. மெல்லச் செல்பவர் ஒதுங்காமலே போக, அவர் பின்னே வண்டிகள் வால்போல நீண்டுவிட்டன என்று வையுங்கள். வாலின் கடைசியில் இருப்பவர் 40 மீற்றருக்குப் பதிலாக 100 மீற்றர் கடக்கவேண்டும். அப்போது தேவைப்படும் வெறும் வீதி 650 மீற்றர். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையே காட்டு வளைவுகளில் அத்தனை தூரம் கண்ணுக்கு எட்டும் இடங்கள் எத்தனை? எட்டாத இடத்திலே ஒருவர் பொறுமை இழக்கிறார். மறுநாள் பத்திரிகையில் நாம் வாசிப்பது முந்தியவரின் பெயரை மட்டுமே. வாலை நீளவிட்டவர் அதற்குள் நிலாவெளிக் கடலில் குளித்துக்கொண்டிருப்பார். அவர்மேல் குற்றம் சுமத்தச் சட்டத்தில் இடமில்லாமல் இருக்கலாம், மனச்சாட்சியில் இடமுண்டு.

கனடாவிலிருந்து வந்த என் தமக்கை மகனோடு ஒருமுறை அவ்வீதியில் வந்தேன். ஓட்டியவன் அவனே. மணிக்கு 40 க்கு மேல் போகவில்லை. பின்னே பத்துப் பன்னிரண்டு வண்டிகள். ஒரு பஸ் விடாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது.

“ஏன் மாமா இவர்கள் இப்படிக் கத்துகிறார்கள்? நான் சட்டத்தை மீறவில்லையே” என்றான்.

“மீறவில்லைத் தம்பி. கண்ணாடியை ஒருக்கால் பார்” என்றேன்.

பார்த்தான். பார்த்ததும் அவனுக்கு மேலும் பயம் வந்து, வேகம் 30 க்கு இறங்கிவிட்டது! பிறகு ஒரு கடையோரம் ஒதுங்கினோம். முழு ஊர்வலமும் எங்களைக் கடந்து போயிற்று. கடைசியாகப் போன லொறிக்காரர் கையை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டுப் போனார். ஒதுங்கியதால் எங்களுக்கு நட்டமான நேரம் ஒரு நிமிஷம்கூட இராது.

அவன் வாழும் ஒன்ராறியோ மாகாணத்திலேயே போக்குவரத்தின் இயல்பான ஓட்டத்தைத் தடுக்கும் அளவுக்குத் தேவையின்றி மெல்ல ஓட்டுவது சட்டப்படி குற்றம். இதை அவனுக்குச் சொன்னபோது அவன் நம்பவில்லை. தேடிப் பார்த்தபின் மௌனமானான். பிற நாடுகளிலும் இப்படித்தான். 1968 இல் வியன்னாவில் செய்யப்பட்ட வீதிப் போக்குவரத்து உடன்படிக்கை, தகுந்த காரணமின்றி வழக்கத்துக்கு மாறான மெதுவேகத்தில் சென்று பிறருடைய இயல்பான பயணத்தைத் தடுக்கலாகாது என்று விதிக்கிறது. ஜெர்மனியின் சட்டமும் அதையே சொல்கிறது. பிரித்தானியாவின் நெடுஞ்சாலை விதிநூல், பின்னே நீண்ட வரிசையைப் பிடித்து வைத்திருக்காதே, கண்ணாடியை அடிக்கடி பார், பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கிப் பிறரைப் போகவிடு என்று அறிவுறுத்துகிறது. கலிபோர்னியாக்காரர்கள் எண்ணிக்கையையே வகுத்துவிட்டார்கள்: இருவழிச் சாலையில் முந்துவது ஆபத்தாக இருக்கும்போது, பின்னே ஐந்து வண்டிகள் சேர்ந்துவிட்டால் மெல்லச் செல்பவர் ஒதுங்க வேண்டும். ஸ்கொட்லாந்தின் மலைப்புறங்களில் ஒரே வண்டி செல்லத்தக்க ஒற்றைத் தடச் சாலைகள் உண்டு. அவற்றில் இடையிடையே ஒதுங்கிடங்களை அமைத்திருக்கிறார்கள். எதிரே வருபவருக்கு வழிவிடுவதற்கு மட்டுமன்றி, பின்னே வருபவரை முன்னே விடுவதற்கும் அவை பயன்படுகின்றன. காட்சியைப் படம் பிடிக்க அங்கே வண்டியை நிறுத்தி வைக்கக்கூடாது என்பதை வெளியூர்ப் பயணிகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறதாம். மனித சுபாவம் எங்கும் ஒன்றுதான் போலும்.

இந்நாடுகளுள் எதுவும் மெல்லச் செல்வதைத் தடை செய்யவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பின்னே வருபவனை மறந்து மெல்லச் செல்வதையே அவை தடுக்கின்றன.

இதை அறிந்துகொள்ள ஸ்கொட்லாந்து வரை போகவேண்டியதில்லை. உவர்மலையில் நின்று கீழே உள்துறைமுகத்தைப் பார்த்தால் போதும். அங்கே வந்து போகும் கப்பல்களுக்கும் ஒரு சாலைவிதி உண்டு. கடலில் மோதல்களைத் தவிர்ப்பதற்காக 1972 இல் வகுக்கப்பட்டு 1977 இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச விதிகள் அவை. தரையில் நாட்டுக்கு நாடு இடம் வலம் மாறுகிறது. கடலில் அப்படி இல்லை. ஒடுங்கிய நீர்வழியில் எந்த நாட்டுக் கப்பலும் வலப்புற ஓரத்தையே அணைந்து செல்லவேண்டும். பாய்மரப் படகும் 20 மீற்றருக்குக் குறைந்த சிறுகலமும், அந்த நீர்வழியை விட்டால் வேறு வழியில்லாத பெருங்கப்பலுக்குத் தடையாகக் கூடாது. அதே வேளை, முந்துகிற கப்பல் எதுவாயினும், முந்தப்படுகிற கப்பலுக்கு இடையூறு செய்யாமல் விலகிச் செல்வது அதன் பொறுப்பு. இரண்டு கடமைகளும் ஒரே நூலில் இருக்கின்றன. எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஒலிக்குறிப்பு விதிதான். ஒடுங்கிய வழியிலே, முன்னே செல்லும் கப்பல் ஒத்துழைத்தாலன்றி முந்த முடியாது என்றால், பின்னே வரும் கப்பல் இரண்டு நீண்ட ஒலியும் ஒரு குறுகிய ஒலியும் எழுப்பி, “உமது வலப்புறமாக முந்த எண்ணுகிறேன்” என்று சொல்லவேண்டும். இடப்புறமாயின் இறுதியில் குறுகிய ஒலி இரண்டு. முன்னே செல்லும் கப்பல் உடன்பட்டால், நீண்டது, குறுகியது, நீண்டது, குறுகியது என்று விடையளித்து வழிவிடவேண்டும். ஐயமிருந்தால் ஐந்து குறுகிய ஒலிகளை விரைவாக எழுப்பலாம். கேட்பதும் விடையளிப்பதும்! பின்னே வருபவன் கேட்கக் கடமைப்பட்டவன். முன்னே செல்பவன் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். பல்லாயிரம் தொன் இரும்பு கடைப்பிடிக்கும் இந்தப் பண்பாட்டை மூன்று சக்கர வண்டி கடைப்பிடிக்க முடியாதா?

எமது வீதிகளிலும் அத்தகைய ஒரு மொழி இல்லாமலில்லை. யாரும் எழுதி வைக்காத மொழி அது. முன்னே செல்லும் லொறிக்காரர் இடப்பக்கச் சிக்னல் விளக்கைப் போட்டால், “வீதி வெறுமை, போ” என்று பொருள். வலப்பக்கம் போட்டால், “எதிரே வண்டி வருகிறது, பொறு” என்று பொருள். சில வேளை அவர் உண்மையாகவே வலப்பக்கம் திரும்பப் போகிறார் என்றும் பொருள்! பழைய சாரதிகள் கையை வெளியே நீட்டி அசைத்துப் போகச் சொல்வார்கள். அதில் ஐயத்துக்கு இடமிருந்ததில்லை. தமிழ்நாட்டு லொறிகளின் பின்புறத்தில், ஹோர்ன் அடித்துக் கேள் என்று எழுதியே வைத்திருப்பதைப் பயணம் செய்தோர் பார்த்திருப்பர். வடக்கேயும் அவ்வழக்கம் உண்டு. மகாராட்டிர அரசு ‘ஹோர்ன் ஓகே ப்ளீஸ்’ என்ற வாசகத்தை 2015 இல் தடைசெய்தது. இரைச்சலைக் குறைக்க வேண்டும் என்பது அதன் நியாயம். எனினும் அந்த எழுத்தில், “நீ கேள், நான் விடுகிறேன்” என்ற பழைய மரியாதை ஒன்று மறைந்திருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஹோர்ன் ஒலி எங்கும் வசை அன்று. ஜெர்மனியில்கூட ஊருக்கு வெளியே முந்துமுன் குறுகிய ஒலியோ ஒளியோ காட்டச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் எங்கள் தனியார் பஸ்கள் சில அடிக்கும் ஹோர்னைக் கேள்வி என்று எந்த இலக்கணத்தாலும் கொள்ள முடியாது. அது கட்டளை. கேள்விக்குத்தான் விடையளிக்கலாம். கட்டளைக்குப் புதியவன் பயப்படுவான். பயந்தவன் நடு வீதியில் இன்னும் மெல்லப் போவான். எனது மருமகனுக்கு நேர்ந்தது அதுவே.

இவற்றுள் உயிருக்கு உலைவைக்கக்கூடிய ஒரு மொழிபெயர்ப்புப் பிழை உண்டு. பிரித்தானியாவில் எதிரே வருபவர் முன்விளக்கை ஒருமுறை மின்னினால், மக்கள் வழக்கிலே அதன் பொருள், “நீங்கள் வாருங்கள், நான் நிற்கிறேன்” என்பதாகும். விதிநூல் இந்தப் பொருளை ஏற்கவில்லை. நான் இங்கே இருக்கிறேன் என்று அறிவிக்க மட்டுமே ஒளியைக் காட்டலாம் என்கிறது. எனினும் வழக்கு வழக்குத்தான். இலங்கையிலோ அதே மின்னலுக்குப் பொருள், “நான் வருகிறேன், நீ நில்.” இலண்டனில் பல்லாண்டு ஓட்டிய ஒருவர் கிண்ணியாப் பக்கத்தில் வலப்புறம் திரும்பக் காத்துநிற்கிறார், எதிரே வரும் லொறி விளக்கை மின்னுகிறது, அவர் நன்றி சொல்லிக் கையசைத்துக்கொண்டே குறுக்கே திருப்புகிறார். மீதியை நான் எழுதவேண்டியதில்லை. இதற்கு அவரைக் குறை கூறுவதா, லொறிக்காரரைக் குறை கூறுவதா? இருவரும் தத்தம் மொழியைச் சரியாகவே பேசினார்கள்.

கிண்ணியாவைச் சொன்னதும் பழைய துறை நினைவுக்கு வருகிறது. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்படும்வரை அங்கே பாதைப்படகில்தான் வண்டிகளை ஏற்றிக் கடக்கவேண்டும். துறையில் எல்லோரும் வரிசையில் நின்றோம். அங்கே முந்துவாரும் இல்லை, பிந்துவாரும் இல்லை. அக்காலத்தில் பொறுமை இருந்தது, பாலம் வந்தபின் போயிற்று என்று சிலர் ஏக்கத்தோடு எழுதுகிறார்கள். நான் அவர்களோடு சேரமாட்டேன். அந்த வரிசையில் பிரசவ வேதனையோடு காத்திருந்த பெண்களின் பொறுமையை யாரும் போற்றிப் பாடவேண்டியதில்லை. பாலம் நல்லது. வேகமும் நல்லதே. வேகத்தோடு வாழும் முறையைத்தான் நாம் இன்னும் கற்கவில்லை.

மெல்லச் செல்வதே சரியான இடங்களும் இந்த மாவட்டத்தில் நிறைய உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஹபரணைக்கு இப்பால் அந்தி நேரத்தில் யானை வீதிக்கு வரும். அங்கே 40 கூட அதிகம். கோணேசர் கோயிலுக்குக் கோட்டை வாயிலினூடாகப் போகும் வழியில் மான்கள் படுத்திருக்கும். நகர வீதிகளிலேயே அவை மாடுகளோடு மாடுகளாக உலாவுகின்றன. அறுவடைக் காலத்தில் தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கங்களில் வீதியோரத்தில் நெல் காயும். அங்கெல்லாம் ஒதுங்கச் சொல்லி ஹோர்ன் அடிப்பவன்தான் நாகரிகம் அற்றவன். வியன்னா உடன்படிக்கை தகுந்த காரணமின்றி என்று நிபந்தனை வைத்திருப்பது இதற்காகவே. மான் தகுந்த காரணம். கைத்தொலைபேசியில் வரைபடம் தேடுவது தகுந்த காரணம் அன்று.

திருக்குறளின் 58 ஆம் அதிகாரத்துக்குக் கண்ணோட்டம் என்று பெயர். கண் பிறர்மேல் ஓடுதல், அதனால் உண்டாகும் இரக்கம் என்று உரைகாரர் விரிப்பர். நாகரிகம் என்ற சொல்லை வள்ளுவர் கையாள்வதும் அந்த அதிகாரத்தின் கடைசிக் குறளிலேதான். வண்டி ஓட்டுபவனுக்கு முன்னே பார்க்கும் கண் இயல்பாக அமைந்திருக்கிறது. அது தன்னைக் காக்கும் கண். பின்னே இருப்பவன்மேல் கண் ஓடுவதற்கு ஒரு சிறு கண்ணாடியைப் பொருத்தித் தந்திருக்கிறார்கள். அதை மாணவர்களுக்குச் சொல்லும்போது, கண்ணோட்டம் என்ற சொல்லின் இரண்டு பொருளும் அவர்களுக்கு ஒரே நேரத்தில் விளங்கிவிடுகின்றன. வகுப்பில் சோதித்துப் பார்க்க விரும்பும் ஆசிரியர்கள் பார்க்கலாம்.

இனி அதிகாரிகள் செய்யத்தக்கது. வெளிநாட்டவர் இங்கே ஓட்டுவதற்குக் கொழும்பில் மோட்டார்ச் சங்கத்தின் அங்கீகாரம் பெறும் முறை நெடுங்காலமாக உள்ளது. 2025 ஆகஸ்டிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே தற்காலிக அனுமதிப்பத்திரம் வழங்கத் தொடங்கிவிட்டார்கள். பயணிகளுக்கு வசதிதான், ஆனால் அனுமதிப்பத்திரம் இந்த வீதிகளின் மொழியைக் கற்பிக்காது. அத்துடன் ஒரு தாளைச் சேர்த்துக் கொடுத்தால் என்ன? விளக்கு மின்னினால் இங்கே என்ன பொருள், லொறியின் இடப்பக்கச் சிக்னலுக்கு என்ன பொருள், பின்னே ஐந்து வண்டி சேர்ந்தால் என்ன செய்யவேண்டும் என்ற மூன்றே செய்திகள். ஜப்பானில் ஒக்கினாவாவிலும் ஹொக்கைடோவிலும் அயல்நாட்டார் ஓட்டும் வாடகைக் கார்களில் அதை அறிவிக்கும் ஒட்டுச்சீட்டு ஒட்டுகிறார்கள். பின்னே வருபவர் அதைப் பார்த்துப் பொறுமை கொள்கிறார். அத்தகைய சீட்டு ஒன்று நிலாவெளிக்கு வரும் முச்சக்கர வண்டிகளின் முதுகிலும் இருக்கலாம். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுதட்டும். பஸ் சாரதிகளும் வாசிக்கவேண்டும் அல்லவா?

ஒதுங்கிடம் அமைப்பது வீதி அதிகார சபையின் வேலை. அது வரும்போது வரட்டும். அதுவரைக்கும் ஹபரணையிலிருந்து கிழக்கே வருவோர்க்குக் கந்தளாய்க் குளத்தருகே ஒதுங்க இடமிருக்கிறது. வண்டியை நிறுத்திப் பின்னே வந்தவர்களையெல்லாம் போகவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்கலாம். குளத்துக் காற்று நன்றாகவே இருக்கும்.